ஒட்டியா, தள்ளியா?

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் என்னோடு ஓர் ஆராய்ச்சி மாணவி வருவார். படிய வாரிய தலை, மூக்கிலிருந்து வழுக்கும் பெரிய கண்ணாடி. செல்போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் யார் இருந்தாலும் நீட்டிவிடுவார்.

"அக்கா, இந்தச் சிவப்பும் பச்சையும் ஒட்டி இருக்கா, தள்ளி இருக்கா?"

தன் கண் தனக்குப் பிடித்ததையே பார்த்துவிடுமாம். அதனால் எங்களைக் கேட்பார். நாங்களும் பொறுப்பாகப் பார்த்துச் சொல்வோம்.

ஒரு நாள் குரோம்பேட்டை தாண்டியதும், அது என்னவென்று விசாரித்தேன்.

"பொம்பளைங்க உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்குக்கா. ஒண்ணு வேலை செய்யாம தூங்கிடும். பச்சை அதுதான். சிவப்பு, டிஎன்ஏ உடைஞ்சா ரிப்பேர் பண்ற புரோட்டீன். அது பச்சையை ஒட்டி நிக்குதே, அதுக்கு இங்க என்ன வேலை? அதுதான் எக்ஸைத் தூங்க வைக்குதுன்னு நினைக்கிறேன்."

மூன்று வருட உழைப்பு அந்த நினைப்பில் இருந்தது.

சில வாரம் கழித்து, பெட்டி முழுக்க மைசூர்பாகு கொடுத்துக்கொண்டு வந்தார்.

"நிரூபிச்சுட்டியாம்மா?"

"இல்லக்கா! புரோட்டீனை எடுத்துட்டுப் பார்த்தேன். அது இல்லாமலே எக்ஸ் நல்லாத் தூங்குது. நான் நினைச்சது தப்பு!"

"தப்பானதுக்கா ஸ்வீட்டு?"

"தெரியாம இருந்தது தெரிஞ்சிடுச்சேக்கா! இனிமே, அது அங்க வேற என்னதான் பண்ணுதுன்னு தேடணும்."

கிண்டியில் இறங்கி, காலி டப்பாவை ஆட்டியபடி படியேறிப் போனார். தப்பு செய்தால் மறைத்தே பழகியவள் நான். ஆபீஸ் போய்ச் சேரும்வரை அவரையே நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது, கொஞ்சம் பொறாமையும்.