சிவப்பு நூல் போட்ட அட்டைகள்

ஊசி அட்டையின் கிழிந்த ஓரத்தில் இறங்கி, மறுபக்கம் வந்து, திரும்பவும் இறங்கியது. வெள்ளை நூல். நான்கு தையல், ஒரு முடிச்சு. பெருவிரல் முடிச்சைத் தடவிப் பார்த்ததும் கை அடுத்த அட்டைக்குப் போனது.

"இனி ஏனக்கா தைக்கிறியள்? நாளைக்கு எரிக்கப்போற சாமான்," என்றான் யோகலிங்கம். அட்டைகளைக் கொம்பியூட்டரில் ஏற்றுவதற்கு மேலிடம் அனுப்பியவன்.

"இண்டைக்கு எரியேல்லைத்தானே, தம்பி."

தங்கரத்தினம் துறைமுகத்துக்கு அருகிலிருந்த அந்தச் சிறிய மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக நோயாளர் அட்டைகளைக் காத்துவந்தவர். அடுக்கும் முறையைத் தானே பழகி, தானே திருத்திக்கொண்டவர். அது இரண்டாயிரத்து ஏழு, யுத்த காலம். ஷெல் சத்தத்துக்கு யன்னல்கள் அதிரும். ஒன்று தவறி இங்கே விழுந்தால் ஆறாயிரம் பேரின் வருத்த விபரமும் சாம்பலாகிவிடும். அதனால் மூன்று கிழமைக்குள் ஏற்றி முடிக்கும்படி உத்தரவு; ஏற்றிய அட்டைகளை எரித்துவிட வேண்டும். அது நியாயமென்றுதான் அவரும் நினைத்தார்.

தைத்த அட்டைகளோடு ஊசி போடும் அறையைக் கடந்தபோது மர வாங்கில் றஹ்மா உட்கார்ந்திருந்தாள். மூதூரிலிருந்து இடம்பெயர்ந்தவள், காலில் முள் குத்திச் சீழ் கட்டியிருந்தது. போன மாதம் மாற்றலாகி வந்த தாதி பரீதா சிறிஞ்சில் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மருந்து, மிஸி?" என்று கேட்டார் தங்கரத்தினம்.

"பென்சிலின், அக்கா."

"அதைக் கீழ வையுங்கோ."

போன வருடம் இதே மருந்துக்கு, இதே வாங்கில், றஹ்மா மூச்சடைத்து நினைவின்றிக் கிடந்ததைக் கண்டவர் அவர்.

"கொம்பியூட்டர்ல ஒவ்வாமை இல்லண்டு இரிக்கே," என்றாள் பரீதா. சிறிஞ்சைத் தட்டில் வைத்தாள்.

"எனக்கு மருந்துட பேர் தெரியா," என்றாள் றஹ்மா. "கார்டுல இரிக்கிதானே."

இருந்தது. தங்கரத்தினம் எரிப்பதற்குக் கட்டி வைத்திருந்த சாக்கிலிருந்து அவளுடைய அட்டையை எடுத்து வந்தார். மூலையில் சிவப்பு நூல். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அவர் போடும் அடையாளம் அது. தமிழில் எழுதினால் ஒரு டொக்டருக்கு விளங்காது, சிங்களத்தில் எழுதினால் ஒரு தாதிக்கு விளங்காது. நூல் எல்லோருக்கும் விளங்கியது. விளங்கியதால் நாளடைவில் ஒவ்வாமையை அட்டையில் ஒருவரும் எழுதவில்லை.

"தம்பி, இதை என்னெண்டு பதிஞ்சனீங்கள்?"

யோகலிங்கம் நூலைப் பார்த்தான். "கிழிஞ்சதைத் தைச்சதாக்கும் எண்டு நினைச்சன்."

"கிழிஞ்சதுக்கு வெள்ளை நூல்."

"கொம்பியூட்டரில ஒவ்வாமைக் கட்டத்தை வெறுமையா விட்டா அடுத்த பக்கத்துக்குப் போக ஏலாது, அக்கா. எழுதாததுக்கெல்லாம் 'இல்லை' எண்டு போட்டன்."

"எத்தினை பேருக்கு?"

அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு மெல்ல, "எல்லாருக்கும்," என்றான்.

நூலின் அர்த்தத்தை ஒரு துண்டுத் தாளில்கூட தங்கரத்தினம் எழுதி வைத்ததில்லை. மூன்று கிழமை பக்கத்து மேசையில் இருந்தவனிடம் சொல்லவுமில்லை. அவன் கேட்கவுமில்லை.

றஹ்மாவுக்கு டொக்டர் வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். எரிப்பது தள்ளிப்போனது; சாக்குகள் நிலத்தில் கொட்டப்பட்டன. இரண்டு பகல் தங்கரத்தினத்தின் விரல்கள் ஒவ்வொரு மூலையையும் தடவின. கண் தவறவிட்ட நிறம் மங்கிய நூல்களை விரல் கண்டுபிடித்தது. பெயர், ஊர், அட்டை இலக்கம் எல்லாம் ஒரு கொப்பியில் ஏறின. கொப்பியின் முதல் பக்கத்தில், இருபத்திரண்டு வருடம் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியை எழுதினார்: சிவப்பு நூல் என்றால் பென்சிலின் கொடுக்கக்கூடாது.

நூற்று நாற்பத்தேழு பேர்.

"இதைப் பார்த்து ஏத்துங்கோ, தம்பி. நான் அட்டையோட ஒத்துப் பார்த்து முடியிற வரைக்கும் ஒண்டும் எரியாது."

"ஓம், அக்கா," என்று யோகலிங்கம் இரண்டு கைகளாலும் கொப்பியை வாங்கினான்.