சலூனிலிருந்து எடுத்து வந்த கத்தி

எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம், தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜெண்டு ஆபீசில் நான் கிளார்க். அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பாய்மரத் தோணியில் தண்டலாக, அதன் தலைவராக இருந்தவர். காற்றுக்கு மேலே சத்தம் போட்டு ஆட்களை வேலை வாங்கிப் பழகிய தொண்டை. ஒருநாள் காலையில் அவருக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மெல்லத் திரும்பியது. வாயின் இடது ஓரம் மட்டும் சரியாக மூடவில்லை. எச்சில் வழியும், அது அவருக்குத் தெரியாது.

கரையில் இருக்கும்போது சனிக்கிழமை தவறாமல் சலூனுக்குப் போவது அவர் வழக்கம். கொழும்பில் வாங்கிய ஜெர்மன் சவரக்கத்தி ஒன்று அவருக்கு உண்டு. அது வீட்டில் இருக்காது. தோணிக்காரர்கள் பலருடைய கத்திகளும் அந்தச் சலூன் அலமாரியில்தான் கிடக்கும். அவரவர் கத்தி அவரவருக்கு. உடம்பு கொஞ்சம் தேறியதும் சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்து அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். முதல் தடவை பிரச்சினை இல்லை. அடுத்த தடவை எங்கள் ஆபீஸ் ஆள் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்பா தோணிக் கதை ஒன்றை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருக்கையில் எச்சில் தாடையில் இறங்கிச் சட்டையில் சொட்டியது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அடுத்த வாரம் நான் மட்டும் போய்க் கத்தியைக் கேட்டேன். சலூன்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைத் துடைத்து, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். இனிமேல் அலைச்சல் வேண்டாம், வீட்டிலேயே நான் வழித்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அலைச்சல் என்று நான் சொன்னது பொய். அவருக்கு அலைச்சல் இல்லை, எனக்குத்தான் மானக்கேடாக இருந்தது.

மனசு உறுத்தினால் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற ஆள் நான். இரும்புக்கடை அண்ணாச்சி கறுப்பாக ஒரு சாணைக்கல் கொடுத்தார். அரிவாளுக்கு அருமையான கல். சவரக்கத்தியை அதில் இழுத்ததும் கூர் அரம் போல ஆகி, அப்பாவின் கன்னத்தில் ரத்தம் வந்தது. தோணி கட்டும் இடத்தில் ஆசாரிமார் உளி தீட்டுகிற வழவழப்பான எண்ணெய்க்கல்லைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். தேங்காய் எண்ணெய் விட்டேன், கல் பிசுக்கேறிக் கத்தி வழுக்கியது. தையல் மிஷின் எண்ணெய்க்கு மாறினேன். அப்புறம், சலூனில் கத்தியை இழுப்பார்களே, அந்தத் தோல்வார் வேண்டும். என் இடுப்பு பெல்ட்டையே கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினேன். கடைக்காரன் தோல் என்று சொல்லி விற்றது ரெக்சின் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் செருப்புத் தைப்பவரிடம் எருமைத்தோல் பட்டை ஒன்று வாங்கினேன். கல்லில் கத்தியின் கூர் முன்னே போக வேண்டும், தோலில் முதுகு முன்னே போக வேண்டும். இதை மறந்து புதுத் தோலையே ஒருமுறை கிழித்தேன்.

கை பழகிவிட்டது. கூர் பார்ப்பதற்காக வழித்து வழித்து என் இடது கையில் முடியே இல்லாமல் போயிற்று. ஆபீசில் கேலி செய்தார்கள். கத்திக்குச் செய்கிற சீராட்டில் பாதியாவது மாமாவுக்குச் செய்தால் தேவலை என்றாள் என் மனைவி. அவள் சொன்னது சுருக்கென்று பட்டது. ஆனாலும் கல்லைக் கழுவி வைக்கத்தான் போனேன்.

இவ்வளவு செய்தும் ஒரு விஷயம் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை தீட்டி வைக்கும்போது கை முடியைச் சத்தமில்லாமல் எடுக்கிற கத்தி, சனிக்கிழமை சாயங்காலம் அப்பா கன்னத்தில் பிடுங்கும். உப்புக்காற்றுதான் காரணம் என்று நினைத்து எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தேன். அப்படியும் மழுங்கியது. கல்லை மாற்றலாமா என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

ஒரு சனிக்கிழமை மழை. சரக்கு இறக்க முடியாமல் வேலையை நிறுத்திவிட்டார்கள், மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் எனாமல் கிண்ணம், வலது கையில் கத்தி. கிண்ணத்தின் விளிம்பில் கத்தியின் கூர்ப்பக்கத்தை நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மறைக்கவில்லை. தேய்ப்பதை மட்டும் நிறுத்தினார்.

ஏன் இப்படி என்று கேட்டேன்.

"இது மழுங்கிப் போனா அங்கன கூட்டிட்டுப் போவன்னு நெனச்சேன்."

ரோடு மோசம், ரிக்‌ஷா குலுக்கும், உடம்புக்கு ஆகாது என்று நான் ஏதேதோ அடுக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"ஆளு செத்தாத்தாம்லே அங்கேருந்து கத்திய எடுப்பாவ. வீட்டாளுவ வந்து வாங்கிட்டுப் போவாவ. நீ நான் இருக்கும்போதே வாங்கிட்டு வந்துட்ட."

தோணிக்காரர்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. சின்ன வயசிலேயே நாசரேத் ஊர் ஹாஸ்டலில் விடப்பட்டவன் நான். கடலுக்குப் போகிறவன் கத்தியைச் சலூனில் விட்டுப்போவது, திரும்பி வருவேன் என்று சொல்லிப்போவது மாதிரியாம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. வழக்கம்தான் எனக்குத் தெரியாது. அவரை நாலு பேர் கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்று நினைத்தது தெரிந்து செய்ததுதான்.

மழை விட்டதும் ரிக்‌ஷா கூட்டி வந்தேன். சலூன்காரர் அப்பாவைக் கண்டதும், நாற்காலியில் இருந்தவரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொன்னார். கத்தியைக் கொடுத்தேன். அதன் கூர் மழுங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு அவர் தன் தோல்வாரை எடுத்தார். தீட்டத் தொடங்கினார்.

அப்பா பேச ஆரம்பித்தார். எச்சில் வழிந்தது. சலூன்காரர் தோள் துண்டால் சோப்பு நுரையோடு சேர்த்து அதையும் துடைத்தார். பெஞ்சில் எங்கள் ஆபீஸ் ஆள் அன்றைக்கும் இருந்தார். தோணி அப்புறம் என்ன ஆச்சு என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் வாயை யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.