அரைக்கால் திருப்பு

பெற்றவர்கள் வைத்த பெயரை வங்கிக்காரர்கள் மட்டுமே பயன்படுத்துகிறார்கள். மற்ற எல்லோருக்கும் அவர் நோண்டி மெக்கானிக். ஓடுகிற எதையும் அவரால் சும்மா விட முடியாது. வீட்டில் மின்விசிறி, குழாய், கதவுக் கீல் எல்லாம் அவர் கைபட்டுச் சரியாகின. மறுபடி கைபட்டுப் பழுதாகின. தூக்கத்திலும் அவர் விரல்கள் எதையாவது திருகிக்கொண்டே இருக்கும் என்பாள் மனைவி. "ஒருநாள் என் காதைத் திருகிட்டு, 'இப்ப சரியாக் கேக்குதா?'ன்னாரு."

அன்று காலை மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், மரம் வெட்டுகிறவர். ரம்ப மெஷினைத் தொப்பென்று மேசைமேல் வைத்தார்.

"மாப்ள, ஆக்சிலேட்டரை விட்டா பொசுக்குனு நின்னுபோகுது. இப்ப மருந்துக்கடை மேல சாஞ்ச மரத்துல ஏறணும். கயித்துல தொங்கிக்கிட்டு எத்தனை தடவை இழுத்து ஸ்டார்ட் பண்றது?"

"இதோ, அஞ்சு நிமிஷம் மச்சான்."

"ஓடுச்சுன்னா கையை எடுத்துடு. அவ்ளோதான் நான் கேக்குறது."

ஏர் ஃபில்டரில் அப்பியிருந்த மரத்தூளைத் தட்டினார். இன்ஜினைச் சூடாக்கி, ஆக்சிலேட்டரை விட்டாலும் அணையாமல் காக்கும் ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினார். சங்கிலி அசையாமல் நிற்க, இன்ஜின் மட்டும் நிதானமாக உறுமியது. அழுத்தினால் தயங்காமல் எழுந்தது. வேலை முடிந்தது. வேறு யாராவது என்றால் கையைத் துடைத்திருப்பார்கள்.

முழு வேகத்தில் மட்டும், தொண்டையில் சளி கட்டியதுபோல ஒரு கரகரப்பு. அது அப்படித்தான் இருக்க வேண்டும். மரத்தில் பதிந்ததும் தெளிந்துவிடும். நோண்டிக்குத் தெரியும், விரலுக்குத்தான் தெரியவில்லை. பெட்ரோலைக் குறைக்கும் பக்கமாக வேக ஸ்க்ரூவை ஓர் அரைக்கால் திருப்பு திருப்பினார். கரகரப்பு போய் மெஷின் பாடியது. பக்கத்து சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, புது மெஷினா?" என்றார். நோண்டிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மச்சான் போன பிறகுதான் உறைத்தது. இந்த இன்ஜினுக்கு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் போகும். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். சும்மா ஓடும்போது பாடுகிற மெஷின், கட்டையில் பதிந்தால் காய்ந்து, பிஸ்டன் கவ்விக்கொண்டு நின்றுவிடும். பாதி அறுத்த கிளை, கயிற்றில் மச்சான், கீழே தகரக் கூரை. போன் போட்டார். மரத்தில் இருக்கிற ஆள் எங்கே எடுப்பார்?

ஓடினார். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது, தேனாக. அடிக்கு அடி அந்தத் தேன் கூர்மையாகி மேலே ஏறியது. தன் கைவேலையை இவ்வளவு வெறுப்போடு அவர் கேட்டதே இல்லை. கத்திப் பார்த்தார், யார் காதிலும் விழவில்லை. மெஷினை மேலே தூக்குவதற்காக மச்சானின் இடுப்பிலிருந்து தொங்கவிட்டிருந்த கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

மச்சான் மெஷினை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார். "எவன்டா அது... அட, நீயா! இங்கயும் நோண்ட வந்துட்டியா?"

"இறக்குங்க மச்சான். ரொம்ப நல்லா ஓடுது, அதான் கோளாறு."

"கெட்டுப்போனா நாங்க அழுவோம், நல்லா ஓடினா நீ அழுவியா?"

இறங்கி வந்த மெஷின் கொதித்தது. திருப்பியதைப் பழையபடி திருப்பினார். கரகரப்பு திரும்பிவந்தது. மருந்துக்கடைக்காரர், "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டாரே!" என்று தலையில் கை வைத்தார்.

மச்சான் மேலேயிருந்து குனிந்து பார்த்தார். "தொங்கப்போறது நான். உண்மையச் சொல்லு."

"சத்தம் கேவலமா இருக்கும் மச்சான். ஆனா கவ்வாது."

மெஷின் மேலே போனது. மரத்தில் பதிந்ததும் கரகரப்பு அடங்கியது. கிளை கூரையைத் தொடாமல் கயிற்றில் இறங்கியது. மரத்திலிருந்து எடுத்ததும் மறுபடி அதே சளி. நோண்டியின் காதுக்குள் எறும்பு ஊர்ந்தது.

"மாப்ள, ஒரு துளி திருப்பினா இந்தச் சத்தம் போயிடுமில்ல? இறக்கட்டுமா?" என்று மச்சான் சீண்டினார்.

நோண்டி இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டார். "பேசாம அதைச் சீக்கிரம் அடுத்த கிளையில வைங்க மச்சான்!"