ஓவும் யூவும் ஒரே ஆள்

டைப்ரைட்டரில் பழகிய கைக்குக் கம்ப்யூட்டர் கொடுத்த தொல்லையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தோள்பட்டை வலிக்கிறது. எழுபதுகளில் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து ஹையர் பாஸ் செய்தவள் நான். பிறகு காரைக்கால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் வருஷக்கணக்காகத் தட்டினேன். எண்பதுகளின் கடைசியில் கடை முதலாளி சென்னைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்து இறக்கினார். "இனிமே உனக்கு வேலையே கிடையாதும்மா, எல்லாம் அதுவே பாத்துக்கும்" என்றார். அது ஒன்றையும் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன்.

டைப்ரைட்டரில் வரி முடியப்போகும்போது மணி அடிக்கும், காகிதம் மாட்டிய வண்டியைத் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போவோம். இதில் வரி தானாகவே மடங்கிக்கொள்ளும். அது என் கைக்குத் தெரிந்தால்தானே. பழக்கதோஷத்தில் வரிக்கு வரி என்டரைத் தட்டிவிடுவேன். அப்புறம் நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், எல்லா வரியும் பாதியில் உடைந்து கோணல்மாணலாக நிற்கும். ஒவ்வொரு என்டராகத் தேடி அழிக்க வேண்டும். எங்கள் பழைய மெஷினில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனிச் சாவியே கிடையாது, சின்ன எல் எழுத்தைத்தான் அடிப்போம். இதிலும் அதையே அடித்தேன். கண்ணுக்கு ஒன்று போலத்தான் இருக்கும், தேடச் சொன்னால் அப்படி ஒரு எண்ணே இல்லை என்று சாதிக்கும்.

இன்செர்ட் சாவியில் தெரியாமல் விரல் பட்டுவிட்டால் வந்தது வினை. புதிதாக அடிக்கிற எழுத்து, அடுத்து இருக்கிற எழுத்தைத் தின்றுகொண்டே போகும். நான் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தே அடிக்கிறவள். தலை நிமிர்ந்து திரையைப் பார்ப்பதற்குள் ஒரு பத்தியே காணாமல் போயிருக்கும். போதாததற்குக் கரண்ட். சேவ் செய்ய மறந்த அன்றைக்குப் பார்த்துத்தான் அது போகும். "என்னம்மா, இன்னுமா முடியல?" என்று முதலாளி எட்டிப் பார்ப்பார். நான் மறுபடி முதல் வரியிலிருந்து அடித்துக்கொண்டிருப்பேன்.

அவருக்கு அந்தக் கம்ப்யூட்டரில் தெரிந்தது ஒரே வித்தை. ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வருகிற இடத்திலெல்லாம் இன்னொரு சொல்லை மாற்றிப் போடும், ரீப்ளேஸ் என்று பெயர். எங்கள் ஊரில் அதற்கு வேலை நிறைய இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கப்படி எழுதிய காகிதங்களில், பெயரில் 'உ' வருகிற இடத்தில் ஓவும் யூவும் சேர்ந்து நிற்கும். ரேஷன் கார்டிலும் பாஸ்போர்ட்டிலும் வெறும் யூ. இங்கிலீஷில் அடிக்கிற காகிதத்தில் வெறும் யூதான் இருக்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். ஒருமுறை மொத்த மனுவுக்கும் அந்த வித்தையைக் காட்டினார். ஹவுஸ், யுவர், அக்கவுண்ட் என்று நல்ல சொற்களிலிருந்தெல்லாம் ஓ ஓடிப்போனது. அன்றைக்குப் பொழுது சாயும்வரை ஒவ்வொரு ஓவாக நான் திருப்பிப் போட்டேன். அதற்குப் பிறகு சார் உஷாராகி, முழுப் பெயரைக் கொடுத்து அதை மட்டும் மாற்ற ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் கோட்டுச்சேரியிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். மகளைப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்திருந்தார், அவள் பாரிஸ் பக்கம் போய்விட்டாள். இப்போது நிறைமாசம். மகளின் பிறப்புக் காகிதத்தில் தாயார் பெயர் ஓவோடு இருக்கிறது, தாயாரின் பாஸ்போர்ட்டில் ஓ இல்லை. இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி வக்கீலிடம் கையெழுத்து வாங்கி, பாண்டிச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு கான்சலேட்டுக்கு அனுப்பினால்தான் விசா.

"தலைப்பிரசவம். அங்க அவளுக்கு ஒருத்தரும் இல்லம்மா. வலி வர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடணும். கொஞ்சம் சீக்கிரமா அடிச்சுக் குடு."

அடித்தேன். ஓவோடு ஒரு பெயர், ஓ இல்லாமல் ஒரு பெயர், இரண்டும் ஒருவரே. மூன்று தடவை படித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பிரின்டரில் காகிதம் மாட்டப் போனால் ரிப்பன் தேய்ந்துபோயிருந்தது. புது ரிப்பன் வாங்க நானே கடைத்தெருவுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அந்த அம்மா கிளம்பியிருந்தார். "அவசரம்னாங்க, பழைய ரிப்பன்லயே நானே எடுத்துக் குடுத்துட்டேன்" என்றார் முதலாளி. எனக்கும் ஒரு வேலை குறைந்தது என்றுதான் தோன்றியது.

ஒரு மாசம் கழித்து, பாண்டிச்சேரியிலிருந்து திரும்பி வந்த காகிதத்தோடு அந்த அம்மா வந்து நின்றார். வாங்கிப் படித்தேன். இரண்டு இடத்திலும் ஒரே பெயர், வெறும் யூ. இன்னாரும் அதே இன்னாரும் ஒரே ஆள் என்று எழுதி, கீழே வக்கீல் கையெழுத்தும் முத்திரையும். நான் ரிப்பனுக்குப் போன நேரத்தில் சார் தன் வித்தையைக் காட்டியிருக்கிறார். வக்கீல் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"கம்ப்யூட்டர்ல என்னமோ கோளாறு" என்றார் முதலாளி.

"அது என்ன சார் பண்ணும்? நீங்க சொன்னதத்தான் செஞ்சிருக்கு" என்றேன். அவர் வெளியே டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "நானும் நானும் ஒரே ஆளுதானேம்மா. இதுல அவங்களுக்கு என்ன சந்தேகம்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். காகிதத்தில் விரலை வைத்து, எந்த இடத்தில் எந்த எழுத்து போய்விட்டது என்று காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார், பையை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். "இதோ, இப்பவே அடிச்சுத் தந்துடுறேங்கம்மா. வக்கீல் கிளம்புறதுக்குள்ள போயிடலாம்" என்றேன்.

"அவசரமில்லம்மா, நிதானமாவே அடி" என்றார். "போன வாரமே பொறந்துடுச்சாம்."