எனக்கு விழவேண்டிய குட்டு

காரிமங்கலம் சந்தையில் பழக்காரர் ஒரு தர்பூசணியை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார். அந்தச் சத்தத்துக்கு என் கை தானாக உச்சந்தலைக்குப் போனது.

வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கேள்விக்குப் பதில் சொன்ன பையன், சொல்லத் தெரியாதவர்கள் தலையில் வரிசையாகக் குட்டிக்கொண்டே போகவேண்டும். வத்தல்மலையிலிருந்து வந்த சடையன் தினமும் வாங்குவான். அவன் தலை என்றால் முட்டியை இன்னும் கூராக மடக்குவார்கள். அவன் அழமாட்டான். குட்டியவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் யாருக்கும் வராத கணக்குக்கு அவன் விடை சொல்லிவிட்டான்.

"குட்டுடா" என்றார் வாத்தியார்.

உலக்கையால் சாமை குத்திக் காய்த்துப்போன கை அவனுடையது. வரிசையில் முதலாவதாக உட்கார்ந்திருந்த நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"வேண்டாமுங்க ஐயா. வலிக்குமுங்க" என்றான்.

வாத்தியார் எழுந்து வந்தார். "அப்படின்னா எல்லாத்தையும் நீயே வாங்கிக்கோ."

கண்ணைத் திறக்கத் துணிச்சல் வரவில்லை. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நல்ல பழமுங்க தாத்தா, வெட்டட்டுங்களா?" என்றார் பழக்காரர்.

வேண்டாம் என்று தலையசைத்தேன். அன்று அவனுக்கு விழுந்ததில் முதல் குட்டு என்னுடையது.