கோட்டைக் குன்றில் கை தூக்கியவர்கள்

மழைக்காலத்தில் அந்தக் குன்றுக்குப் பதினான்கு பேரை அழைத்துப் போனவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். என் பங்கை நானே சொல்லிவிடுவது நல்லது.

அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து மாசாயில் மகளோடு இருந்தேன். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் சரிபார்ப்புப் பிரிவில் வேலை. எட்டு மணி நேரம் உட்கார்ந்தபடியே பூதக்கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முப்பத்தெட்டு வயதில் சர்க்கரை வந்தது. கிளினிக்கில் டாக்டர், "மருந்து தரேன், ஆனா நடந்தாதான் உங்களுக்கு வழி" என்றார். வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன். தெரு நாய்களும் மோட்டார் சைக்கிள்களும் விடவில்லை. அதனால் மலைக்குப் போக ஆரம்பித்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே என்னோடு வந்தவர் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. எனக்கு எதிர் மேசையில் வேலை பார்த்தவர், ஆறு வயது மூத்தவர். என் கணவர் வீட்டை விட்டுப் போன வருஷம், மூன்று மாதம் எனக்கும் மகளுக்கும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்தவர். நான் மலை ஏறப் போகிறேன் என்றதும், "தனியா காட்டுக்குள்ள போறியா? பைத்தியமா உனக்கு? இரு, நானும் வரேன்" என்றார். பழைய பள்ளிக்கூடக் காலணி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, பாதி மலையில் அதன் அடிப்பாகம் கழன்று விழ, சிரித்துச் சிரித்து இறங்கினார்.

இரண்டு நான்காகி, நான்கு நாற்பதானது. வாட்சப்பில் ஒரு குழு அமைத்தோம். யாருக்கு எப்போது பிறந்தநாள், யாருக்கு எந்தச் சாப்பாடு ஆகாது என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். பாதை, நேரம், தண்ணீர், அட்டைக்கடி, இவை என் பொறுப்பு. ஆறு வருஷத்தில் ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கியதுதான் எங்களுக்கு நேர்ந்த பெரிய விபத்து. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தங்காக்கில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் எங்களோடு சேர்ந்தார். லேடாங் மலையில் எங்களைச் சந்தித்து, மறுவாரமே குழுவில் வந்துவிட்டார். எல்லாருக்கும் டீசட்டை அடித்துக் கொடுத்தார். முன்னால் எங்கள் குழுவின் பெயர், பின்னால் அவர் கடையின் பெயர். அது எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா, "மனுசன் ஆசையா குடுக்குறாரு. வாங்கி போட்டுக்கிட்டா என்ன கொறஞ்சா போயிடும்?" என்றார். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அவருக்குத்தான் அந்தக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கோத்தா திங்கி தாண்டி, செம்பனைத் தோட்டம் ஒன்றைக் கடந்து, காட்டுக்குள் இரண்டரை மணி நேரம் நடந்தால் ஒரு குன்று வரும். அதன் மேலே பழைய அரசாட்சிக் காலத்து மண் அரணும், பாசி பிடித்த கற்குவியலும் இருக்கின்றன. நான் இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டும் வெயில் மாதத்தில். பாதையில் ஓர் ஆறு உண்டு. வெயில் காலத்தில் முழங்காலுக்குக் கீழேதான் ஓடும். டிசம்பரில் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் டிசம்பர் மழையில் கோத்தா திங்கி வெள்ளக்காடாகும் என்று ஜொகூரில் எல்லாருக்கும் தெரியும்.

"பிப்ரவரியில போலாம்" என்றேன்.

துணிக்கடைக்காரருக்கு டிசம்பர்தான் வேண்டும். தீபாவளி வியாபாரம் முடிந்து கடை ஓய்ந்திருக்கும், சிங்கப்பூரிலிருந்து மைத்துனர்களுக்கும் லீவு. அக்கா என்னிடம் தனியாக வந்து பேசினார். "பதினாலு பேரு பேரு குடுத்துட்டாங்க. நீ பாத்த ஆறுதானே? தண்ணி ஏறுனா திரும்பிடுவோம்னு கண்டிஷன் போடு." போட்டேன். குழுவில் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தோட்டத்து ஓரத்தில் கார்களை நிறுத்தினோம். மழை இல்லை, வானம் மட்டும் மூடியிருந்தது. தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "நேத்து மேல நல்ல மழைம்மா. ஆத்த பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணி நேரத்தில் ஆற்றுக்கு வந்தோம். தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேலே, தெளிவாக ஓடியது. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கடந்தோம். துணிக்கடைக்காரர் நடு ஆற்றில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

கடந்து அரை மணி நேரம் நடந்திருப்போம். குன்றின் பக்கம் இடி இடித்தது. பிறகு மழை வந்தது. இலைகளின் மேல் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. எல்லாரையும் நிறுத்தினேன்.

"திரும்பிடலாம். இப்ப போனா ஆத்த கடந்துடலாம்."

"அலமாக், இவ்வளவு தூரம் வந்துட்டு திரும்புறதா?" என்றார் துணிக்கடைக்காரர். "தங்காக்ல இருந்து விடியகால நாலு மணிக்கு கெளம்புனோம் மேடம். மேல ஒரு மணி நேரம்தானே?"

"மேல போறது ஒரு மணி நேரம். கீழ வரும்போது ஆறு இருக்காதுண்ணே, தண்ணிதான் இருக்கும்."

"ஜனநாயக நாடு லா. ஓட்டு எடுப்போம். போலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

மழையில், காட்டுப் பாதையில், வரிசையாகக் கைகள் எழுந்தன. சிலர் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். ஒரு நர்ஸ் மட்டும் தூக்கவில்லை. அக்கா கடைசியாகத் தூக்கினார், என்னைப் பார்க்காமல். எனக்கு அந்தக் கை மட்டும்தான் இன்றும் ஞாபகம் இருக்கிறது. வளையல் நழுவி முழங்கை வரை இறங்கியிருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியும், அப்போதும் தெரியும். காட்டில் ஓட்டெடுப்பு கிடையாது, என் பின்னால் வாருங்கள் என்று திரும்பி நடந்திருக்க வேண்டும். பாதிப் பேராவது வந்திருப்பார்கள். நான் செய்யவில்லை. நான் இல்லாமல் போனால் வழி தவறிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அக்கா அவர்களோடு போய்விடுவார், நான் அந்த நர்ஸோடு தனியாகக் கீழே இறங்குவேன், அதை என்னால் தாங்க முடியாது என்பது மீதிப் பாதி. பாதையைத் திறந்துகொண்டு முன்னால் நடந்தேன்.

கோட்டையில் இருபது நிமிடம் இருந்தோம். பார்க்க ஒன்றுமில்லை. மண் மேடு, சில கற்கள், அவற்றின் மேல் மூடுபனி. துணிக்கடைக்காரர் அரண் மேல் ஏறி, டீசட்டையின் பின்பக்கம் தெரியும்படி நின்றார். பத்துப் படம் எடுக்கச் சொன்னார். அக்கா என் பக்கத்தில் வந்து எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

"கோவமா?"

"இல்லக்கா."

பொய். அவருக்கும் தெரியும். ஆனாலும் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் ஆற்றுக்குத் திரும்பினோம். காலையில் நாங்கள் மிதித்துக் கடந்த கற்கள் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில் வேர்களையும் கிளைகளையும் உருட்டிக்கொண்டு போனது. மார்பளவாவது இருக்கும். மழை விட்டிருந்தது. நான் ஒரு குச்சியைக் கரையோரம் நீர்மட்டத்தில் குத்தி வைத்தேன். "தண்ணி இத விட்டு நல்லா கீழ எறங்குறவரைக்கும் யாரும் ஆத்துல கால் வைக்கக் கூடாது" என்றேன். இந்த முறை யாரும் கை தூக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் தண்ணீர் இரண்டு விரல் இறங்கியது. வேகமாக இறங்கும், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். எல்லாருக்கும் குளிர். அட்டைகள் காலுறைக்குள் புகுந்திருந்தன. போனுக்கு லைன் இல்லை. துணிக்கடைக்காரரின் மைத்துனர்கள் மாலைக்குள் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போக வேண்டுமாம். தாமதித்தால் நெரிசலாகிவிடுமாம்.

"இந்தத் தண்ணிக்கா பயப்படுறீங்க? நான் சின்ன வயசுல மூவார் ஆத்துல நீந்துனவன்" என்றார் அவர். சொன்னார், ஆனால் கரையிலிருந்து நகரவில்லை. "யாராச்சும் ஒருத்தர் அந்தப் பக்கம் போய் கயிறு கட்டுனா, மத்தவங்க சுலபமா வந்துரலாம்."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா எழுந்தார்.

"குடு கயித்த. நான் போறேன்."

"வேணாம்க்கா. இன்னும் ஒரு மணி நேரம்."

"எல்லாரும் உன்னதான் திட்டிக்கிட்டு இருக்காங்க. எனக்கு காது கேக்குது. குடு."

அவர் அதை எனக்காகத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். கையைத் தூக்கியதற்கு ஈடாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். என் பையில் இருந்த கயிற்றை எடுத்தேன். அதன் ஒரு முனையை அவர் கையில் சுற்றிக்கொண்டார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். ஆம், பிடித்துக்கொண்டேன்.

நடு ஆறு வரை போனார். திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார், கால் நழுவியது. கயிறு என் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடி, பிறகு சட்டென்று எடையற்றுப் போனது. அவர் கையிலிருந்து கயிறு கழன்றுவிட்டது. சற்றுத் தள்ளி விழுந்து கிடந்த மரத்தில் அவர் போய் மோதியதைப் பார்த்தேன். நானும் நர்ஸும் இன்னும் இருவரும் கரையோரமாகவே ஓடி, மரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி அவரை இழுத்தோம். இடது கால் இரண்டு கிளைகளுக்கு நடுவே சிக்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே அது போகக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. அக்கா அலறவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துணிக்கடைக்காரர் கரையில் நின்று, லைன் இல்லாத போனில் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

நர்ஸ் குச்சிகளை வைத்துக் காலைக் கட்டினாள். மழைக்கோட்டுகளைச் சேர்த்துத் தூளி மாதிரி செய்தோம். அதற்குள் தண்ணீர் தொடையளவுக்கு வந்துவிட்டது. நான் கேட்ட அந்த ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதே ஆற்றை ஒருவர் குறையாமல் நடந்தே கடந்தோம். ஆறு பேர் தூளியைத் தூக்கினார்கள். தோட்டத்தை அடைந்ததும் மண்டோர் டிராக்டரைக் கொண்டுவந்தார். இருட்டுவதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துப் போலீஸ் நிலையத்தில் என்னிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். தலைவிதான் ஒருவரைக் கயிற்றோடு ஆற்றில் இறங்கச் சொன்னார் என்று மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்களே என்று அதிகாரி மலாயில் கேட்டார். "எத்தனை பேர் சொன்னார்கள்?" என்றேன். அவர் தாள்களைப் புரட்டினார். அடிபட்டவரே சொல்லியிருக்கிறார் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் கணவர் வார்டு வாசலில் எழுந்து நின்றார். "இப்ப வேணாம்மா" என்றார். நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

"போலீஸ்கிட்ட என்னக்கா சொன்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினார். "நீதான் தலைவி. நீ சொல்லாம நாங்க யாரும் எறங்கமாட்டோம்னு சொன்னேன்."

"நான் வேணாம்னு சொன்னேனே."

"சொன்னே. சொல்லிட்டு கயித்த புடிச்சிக்கிட்டே."

நான் வாங்கிப் போயிருந்த ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலோரம் வைத்துவிட்டு வந்தேன். லிஃப்டில் பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண் ஒருத்தி திசுத் தாள் நீட்டினாள். அப்போதுதான் அழுகிறேன் என்று தெரிந்தது.

வழக்கு எதுவும் வரவில்லை. குழு புதிய பெயரில் ஆரம்பித்தது. துணிக்கடைக்காரர் ஆலோசகர் ஆனார், டீசட்டையின் நிறம் மாறியது. பழைய குழுவிலிருந்து என்னை யார் நீக்கினார்கள் என்று தேடிப் பார்த்தேன். அக்காவின் போன். அவர் கையே அதைச் செய்ததா, பக்கத்தில் இருந்தவர்கள் செய்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டு, அவரே என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

நர்ஸ் மட்டும் ஒரு முறை அழைத்தாள். "அக்கா, உங்க மேல தப்பில்லன்னு நான் ஸ்டேட்மெண்ட்ல சொன்னேன்" என்றாள். நன்றி சொன்னேன். ஆனால் அது எனக்கு ஆறுதலாக இல்லை. அவள் கருணையோடு பொய் சொல்லியிருக்கிறாள் என்றே பட்டது. துணிக்கடைக்காரர் மேல் கோபப்படுவது எனக்கு எளிது. அவரை நினைத்தால் இன்றும் வாய் கசக்கும், அதோடு விட்டுவிடும். கயிற்றைக் கையில் வைத்திருந்தவளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அக்காவுக்குக் காலில் தகடு வைத்தார்கள். ஐந்து மாதம் கழித்து வேலைக்கு வந்து, இரண்டே வாரத்தில் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கேன்டீனில் அவருக்கு விருந்து வைத்தார்கள். அன்று எனக்கு வேறு ஷிப்டு என்று சொல்லிப் போகாமல் இருந்தேன். ஷிப்டை நானே மாற்றிக் கேட்டு வாங்கியிருந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, மாசாய் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். கைத்தடி ஊன்றி, மீன்காரரிடம் கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். முடி நிறைய நரைத்திருந்தது. பத்தடிதான் இருக்கும். கூப்பிட வாயைத் திறந்தேன். அவர் தலையைத் திருப்பினார். நான் சட்டென்று தேங்காய்க் கடைப் பலகைக்குப் பின்னால் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்தாரா என்று தெரியாது.

"என்னக்கா, தேங்காப்பால் வேணுமா?" என்று கடைக்காரப் பையன் கேட்டான்.

"ஒண்ணு குடு" என்றேன். எழுந்தபோது மீன்கடையில் அவர் இல்லை. காய்கறி வரிசைப் பக்கம் கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது. நான் எதிர்ப் பக்க வாசல் வழியாக வெளியே வந்து, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.