அசரியா சொன்ன ஆமென்

சித்தூரில் டாக்ஸி ஓட்டிய அசரியாவுக்குக் குடி என்றாலே ஆகாது. வருஷப் பிறப்பு ஆராதனையில் எழுந்து நின்று, குடிக்க மாட்டேன் என்று சபையார் உறுதி சொல்வது அவர் போகும் சர்ச்சில் வழக்கம். சொன்னபடி நடந்தவர் எத்தனை பேரோ, இவர் நடந்தார். முன்னால் நின்று அதைச் சொல்லிக் கொடுப்பவர் சபை மூப்பர் வேதநாயகம். டாக்ஸிக்கு முதலாளியும் அவர்தான்.

எழுபத்து நாலாம் வருஷம், நாயுடுபேட்டைக் கல்யாணத்திலிருந்து திரும்பும்போது அந்தப் பெரிய மனுஷர் பிராந்தி வாடையோடு வந்து நின்றார்.

"சாவியக் குடு. என் வண்டி, நானே ஓட்டினு போறேன்."

"வேணாங்கய்யா. இந்த நெலமயில..."

"எனக்கே புத்தி சொல்றியா?"

முதலாளி, போதாக்குறைக்கு மூப்பர். அசரியா சாவியைக் கொடுத்துத் தொலைத்தார். திருச்சானூர் கிட்டே, சைக்கிளில் ஓரமாகப் போய்க்கொண்டிருந்த பூ வியாபாரி கன்னையாவின் மேல் வண்டி ஏறியது. அங்கேயே உயிர் போய்விட்டது.

ஆள் கூடுவதற்குள் வேதநாயகம் அசரியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ ஓட்டினேன்னு சொல்லுப்பா. பிரேக் புடிக்கலன்னு சொல்லு. கர்த்தர் சாட்சியா உன்ன விடமாட்டேன்." சொன்னதோடு நிற்காமல் கண்ணை மூடி ஜெபமும் பண்ணினார். ஜெபம் பண்ணிச் சொன்ன பேச்சு மாறும் என்று அசரியா கனவிலும் நினைக்கவில்லை. அப்பாவி, ஆமென் சொன்னார். மூப்பர் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்.

கன்னையாவின் மனைவி வெங்கடம்மாவின் காலில் அசரியா போய் விழுந்தார். பிரேக் கதையையே சொன்னார். "வண்டி கெட்டா நீ இன்னா பண்ணுவ? எந்திரிப்பா" என்றாள் அந்த மகராசி.

கோர்ட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து, பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார். அடுத்து வேதநாயகம் கூண்டேறினார். கல்யாண வீட்டிலேயே அசரியா குடித்திருந்தான், ஓட்டாதே என்றேன், கேட்கவில்லை, பயந்துபோய் நான் வேறு வண்டியில் வந்தேன் என்றார். நாக்குக் கூசவில்லை! அன்றைக்கு யாரும் அசரியாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கவில்லை. மூப்பர் வாயில் வந்ததே உண்மையாயிற்று. லைசென்ஸ் ரத்து, ஆறு மாத ஜெயில். குடிகாரனுக்கு இனி அப்பமும் ரசமும் தரும் ராப்போஜனம் இல்லை என்று சபையும் தள்ளி வைத்தது. கையில் எடுக்காத கிளாசுக்கு இத்தனையும்.

போலீஸ் அவரை வெளியே கூட்டி வந்தபோது வெங்கடம்மா வழியை மறித்தாள்.

"குடிச்சிட்டா ஏத்தின?"

"நான் ஓட்டவே இல்லம்மா. அந்தாளுதான் குடிச்சிட்டு ஓட்டினாரு. என்னை மோசம் பண்ணிட்டாரு."

வெங்கடம்மா அவர் முகத்தையே பார்த்தாள்.

"என் கால்ல வுழுந்தியே, அன்னிக்கி சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே."